ஆடவர் மணமோதிரம் : முத்திரையிலிருந்து பிணைப்பிற்கு

மணவினையின்போது மணமக்கள் இருவரும் ஒருவர்க்கொருவர் மோதிரம் அணிவித்தல் இன்று உலகின் பல பாகங்களில் வேரூன்றிவிட்ட வழக்கமாகும். இலங்கையிலும் கிறித்தவர் திருமணங்களில் மட்டுமன்றி, ஏனையோரின் பதிவுத் திருமணங்களிலும் மோதிரம் மாற்றுதல் பரவலாகக் காணப்படுகின்றது. பரவிவிட்ட வழக்கம் எதுவும் பழைய வழக்கமென்றே கொள்ளப்படுவது இயல்பு. மணமகளின் மோதிரத்தைப் பொறுத்தவரை இக்கொள்கை தவறன்று. அதன் வரலாறு உரோமர் காலம் வரை பின்னோக்கிச் செல்கின்றது. மணமகனின் மோதிரம் அத்தகையதன்று. ஐரோப்பாவின் சில பகுதிகளில் அது சில நூற்றாண்டுப் பழைமையுடையது. ஆங்கிலம் வழங்கும் நாடுகளிலோ, பொதுவழக்கு என்ற அளவில், பேசும் திரைப்படத்திலும் இளையது. இரு மோதிரங்களும் இன்று ஒரே தட்டில் வைத்து ஆசீர்வதிக்கப்படினும் அவற்றின் பிறப்பு வேறு.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டாலன்றி, இன்று நகைக்கடையில் நிற்கும் மணமகன் ஒருவன் ஏன் கல் பதியாத, வேலைப்பாடு குறைந்த, இரவும் பகலும் கழற்றாது அணியத்தக்க வெற்று வளையமொன்றையே பெரும்பாலும் தெரிவுசெய்கின்றான் என்பதை விளக்குதல் அரிது. தோற்றமும் நாளாந்த உபயோகமும் தனிமனித இரசனைக்குரிய விடயங்களெனத் தோன்றலாம். ஆயினும் அந்த இரசனைக்குப் பின்னால் சொத்துரிமை, சமய வழிபாட்டு முறை, போர், வாணிகம் ஆகிய யாவும் நிற்கின்றன.

உரோமரிடையே ஆடவர் மோதிரம் அணியாதிருந்தனர் என்பதற்கில்லை. மாறாக, மோதிரம் முதன்மையாக ஆடவர்க்கே உரியதாக இருந்தது. ஆனால் அம்மோதிரம் முத்திரை மோதிரம். மெழுகில் அழுத்திக் கடிதத்தை மூடுதற்கும், ஒப்பந்தத்தை உறுதிப்படுத்துதற்கும், களஞ்சியத்தைப் பூட்டி அடையாளமிடுதற்கும் அது பயன்பட்டது. சொத்தும் சொல்லும் உடையவனின் கருவி அது. தங்க மோதிரம் அணிதல் உரோமில் ஓர் உரிமையாகவும் இருந்தது. திபேரியசின் ஆட்சியில், தந்தையும் தந்தைவழிப் பாட்டனும் சுதந்திரராய்ப் பிறந்தவராகவும், நான்கு இலட்சம் செஸ்தெர்சு பெறுமதியான சொத்துடையவராகவும் இருப்போர்க்கே அது உரியதென விதிக்கப்பட்டமையை மூத்த பிளினி தமது இயற்கை வரலாற்றின் முப்பத்து மூன்றாம் நூலில் குறிப்பிடுகின்றார். அதே நூலில் அவர் தரும் வேறு இரு செய்திகளும் நோக்கற்பாலன. தூது செல்வோர்க்கு அரசு வழங்கிய தங்க மோதிரத்தை அவர்கள் பொது இடங்களிலேயே அணிந்தனர். வீட்டில் இருப்பு மோதிரமே அணிந்தனர் என்பது ஒன்று. தமது காலத்திலும், அதாவது கி. பி. முதலாம் நூற்றாண்டிலும், நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்குக் கல் பதியாத இருப்பு மோதிரமே அனுப்பப்படுகின்றது என்பது மற்றையது. ஆடவன் மோதிரம் அவனுடைய அதிகாரத்தைச் சுட்டியது; பெண்ணின் மோதிரம் அவள் ஒருவனுக்கென உறுதிசெய்யப்பட்டாள் என்பதைச் சுட்டியது. முன்னையது முத்திரை, பின்னையது பிணைப்பு.

இந்த ஏற்றத்தாழ்வு மேலைத்தேயத்துக்கு மட்டும் உரியதன்று. காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் சகுந்தலைக்குக் கொடுத்துச் செல்வது அவனது பெயர் பொறித்த மோதிரமே. இராமன் அனுமனிடம் கொடுத்தனுப்பிய கணையாழியும் அவனை இனங்காட்டும் அடையாளம். துஷ்யந்தன் மறந்துபோதற்கு முனிவரின் சாபம் காரணமாகக் கூறப்படுகின்றது. ஆயின், மணந்தமைக்குச் சான்று காட்டவேண்டிய பொறுப்பு சகுந்தலையின் விரலுக்கே இருந்தது. அரசனின் விரலில் நினைவூட்டும் பொருள் எதுவும் இருக்கவில்லை என்பதும் எண்ணத்தக்கதே.

நான்காம் விரலிலிருந்து இதயத்துக்கு நேரே ஒரு நரம்பு செல்வதாக நம்பப்பட்டமை பலரும் அறிந்தது. இரண்டாம் நூற்றாண்டினரான ஔலுஸ் கெல்லியுஸ் இதனை எகிப்தியரின் உடற்கூற்றறிவாகக் கூறுகின்றார். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவில் நகரத்து ஆயர் இசிதோர் மணமோதிரத்துக்கு விளக்கமாக அதனை எடுத்தாள்கின்றார். உடற்கூற்றியல் இதற்கு இடந்தரவில்லை. நம்பிக்கை பொய்யாயினும், அன்றாட உபயோகத்தை நோக்க அவ்விரலின் தெரிவு பொருத்தமானதே. பெரும்பாலார்க்கு இடக்கை வேலை குறைந்த கை. அதன் நான்காம் விரல் தனித்துத் தொழிற்படுவது அதனினும் குறைவு. அங்கே அணியப்படும் மோதிரம் தேய்வதும் நெளிவதும் குறைவாகவே இருக்கும்.

கிறித்தவத் திருச்சபை உரோமரின் வழக்கத்தை ஏற்றுக்கொண்டபோது அதன் ஒருபக்கத் தன்மையையும் சேர்த்தே ஏற்றது. பாப்பரசர் முதலாம் நிக்கலஸ் 866 ஆம் ஆண்டு பல்கேரியருக்கு எழுதிய மறுமொழியில், மணமகன் மணமகளின் விரலில் இடும் நம்பிக்கை மோதிரம் பற்றியே பேசுகின்றார். 1614 இல் வெளியிடப்பட்ட உரோமச் சடங்கு நூலும் ஒரு மோதிரத்தை ஆசீர்வதித்து மணமகளுக்கு அணிவிக்கவே விதிசெய்தது. கத்தோலிக்கரின் பொதுச் சடங்குநூலில் இரு மோதிரங்களும் முறைப்படி இடம்பெற 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைக்காலத்தில் சில நாடுகளின் உள்ளூர் வழக்கம் இரு மோதிரத்துக்கு இடங்கொடுத்திருந்தது.

இப்பொதுப் போக்கிற்கு விலக்காக இரண்டு மரபுகள் இருந்தன. கிழக்கத்திய வைதிகத் திருச்சபையில் நிச்சயச் சடங்கின்போது மணமகன், மணமகள் ஆகிய இருவர்க்கும் வலக்கையில் மோதிரம் அணிவிக்கப்பட்டு, அவை மும்முறை மாற்றப்படுதல் நெடுங்கால வழக்கு. ஒன்று பொன், மற்றையது வெள்ளி என்பது பழைய முறை. மற்றைய மரபு யேர்மானியப் புரட்டஸ்தாந்தரது. 1525 இல் துறவு நீங்கி கத்தரீனா பொன் போராவை மணந்த மாட்டின் லூதர், 1529 இல் வெளியிட்ட தமது திருமணச் சடங்குக் கையேட்டில், மணமக்கள் மணமோதிரங்களை ஒருவர்க்கொருவர் கொடுக்கட்டும் என விதித்தார். ஐரோப்பாக் கண்டத்தில் ஆண் மணமோதிரத்துக்கு வலுவூட்டிய மூலங்களுள் இச்சிறு கையேட்டுக்கு ஓரிடம் உண்டு.

மோதிரம் இருவர்க்கும் உரியதாக இருந்த நாடுகளில் அதற்கு வேறொரு விதியும் நேர்ந்தது. 1813 இல் நெப்போலியனுக்கு எதிராக எழுந்த பிரசியாவில், அரச குடும்பத்துப் பெண்களின் வேண்டுகோளையொட்டி மக்கள் தம் பொன்னணிகளைப் போர்ச்செலவுக்கு வழங்கினர். மணமோதிரங்களும் அவற்றுள் அடங்கின. ஈடாக அவர்களுக்குக் கிடைத்தவை, 'இரும்புக்காகப் பொன் கொடுத்தேன்' என்ற வாசகம் பொறித்த இருப்பு மோதிரங்கள். பிளினி காலத்து உரோமப் பெண்ணின் விரலில் எளிமையாக இருந்த இரும்பு, பதினெட்டு நூற்றாண்டுகளின் பின் நாட்டுப்பற்றின் பெருமிதமாக மாறியது. பொன் அணிந்திருப்பது வெட்கத்துக்குரியதாயிற்று. முதலாம் உலகப் போரிலும் யேர்மனியும் ஒஸ்திரியாவும் அதே வாசகத்தை மீண்டும் பயன்படுத்தின.

இதன் கடுமையான வடிவத்தை இத்தாலியிற் காணலாம். எதியோப்பியா மீது 1935 ஒக்டோபரில் முசோலினி படையெடுத்தமையால், சர்வதேச சங்கம் நவம்பர் 18 ஆந் தேதி பொருளாதாரத் தடை விதித்தது. சரியாக ஒரு மாதத்தின் பின், திசம்பர் 18, 'மோதிர நாள்' என அறிவிக்கப்பட்டது. இத்தாலிய மொழியில் மணமோதிரத்தையும் நம்பிக்கையையும் 'ஃபேதே' என்ற ஒரே சொல் குறிப்பதனால், அந்நாளின் பெயர் 'நம்பிக்கை நாள்' எனவும் பொருள்பட்டது. இச்சிலேடை ஆட்சியாளருக்கு மிக வாய்ப்பாக அமைந்தது. அரசி எலேனா உரோமிலுள்ள பெயரறியா வீரன் நினைவிடத்தில் தமது மோதிரத்தையும் அரசனின் மோதிரத்தையும் முதலில் இட்டார், குடிமக்கள் தொடர்ந்தனர். திரும்பிச் சென்றோர் விரல்களில் உருக்கு வளையம் இருந்தது. அதன்பின் பொன் மோதிரத்துடன் வெளியிற் செல்வதென்பது ஆட்சிக்கு மனமொப்பாதவன் என்று தன்னையே காட்டிக்கொடுப்பதாயிற்று. கணவனும் மனைவியும் ஒருவர்க்கொருவர் கொடுத்த வாக்கின் அடையாளத்தை அரசு தனக்குரிய வாக்காக மாற்றிக்கொண்ட நிகழ்ச்சி இது. ஒரு வளையத்தில் அடங்கிய பொன்னின் அளவு சில கிராம்களே. அரசு பெற விரும்பியது பொன்னை மட்டும் அன்று.

இனி, இருவர் மோதிர வழக்கம் மிகப் பிந்தியே வந்தடைந்த ஆங்கில உலகை நோக்கலாம். இங்கிலாந்துத் திருச்சபையின் 1549 ஆம் ஆண்டுப் பொதுச்செப நூல் ஒரு மோதிரத்தையே விதித்தது. அது மணமகளின் இடக்கை நான்காம் விரலுக்குரியது. அந்த ஒரு மோதிரமும் எதிர்ப்பின்றி நிலைக்கவில்லை. 1603 இல் முதலாம் யேம்ஸ் மன்னனிடம் தூய்மைவாதிகள் சமர்ப்பித்த விண்ணப்பத்தில், திருத்தப்பட வேண்டியவற்றுள் திருமண மோதிரமும் ஒன்றாகக் குறிக்கப்பட்டது. வேத நூலில் ஆதாரமற்ற சடங்கு என்பது அவர்களது வாதம். 1784 இல் யோன் வெசிலி அமெரிக்க மெதடிஸ்தருக்கெனத் தொகுத்த வழிபாட்டு நூலிலும் மோதிரம் விடப்பட்டது. ஒரு மோதிரமே ஐயத்துக்கிடமாக இருந்த சமூகத்தில் இரண்டாவது மோதிரம் பற்றிய சிந்தனை எழாமையில் வியப்பில்லை.

எனினும் சமயத் தயக்கத்தை மட்டும் காரணமாகக் காட்டுதல் போதாது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி மணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் முன் ஒரே ஆளாகினர். அந்த ஆள் கணவனே. 1765 இல் பிளாக்ஸ்ரன் இதனைத் தெளிவாக எழுதிவைத்தார். மனைவியின் அசையும் பொருள் கணவனுடையதாயிற்று. அவளது பெயரும் மாறியது. மணத்தால் நிலைமை மாறியது பெண்ணுக்கே. ஆகவே மாற்றத்தின் அடையாளமும் அவளுக்கே தேவைப்பட்டது. 1870, 1882 ஆம் ஆண்டுகளின் மணமான பெண்கள் சொத்துச் சட்டங்களே இந்நிலையை இங்கிலாந்திற் பெரிதும் தளர்த்தின. யாழ்ப்பாணத்தில் 1707 இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, மனைவியின் சீதனத்தைக் கணவனின் முதுசத்திலிருந்து பிரித்தே வைத்தது என்பதனை இவ்விடத்து ஒப்புநோக்கலாம். ஆயினும் அங்கும் மணத்தின் புற அடையாளமாகிய தாலி பெண்ணின் கழுத்துக்கே உரியதாயிற்று. சொத்துரிமை பிரிந்திருந்தமையால் மட்டும் அடையாளம் இருவர்க்கும் பொதுவாகிவிடவில்லை. சட்டம் ஒரு காரணம். முழுக் காரணம் அன்று.

ஐக்கிய அமெரிக்காவில் ஆண் மோதிரம் பரவிய வரலாற்றை ஆராய்ந்த விக்கி ஹோவார்ட் 2003 இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு தோல்வியிலிருந்து தொடங்குகின்றார். 1926 இல் அமெரிக்க நகை வாணிகர் ஆடவர்க்கான நிச்சயதார்த்த மோதிரத்தை அறிமுகஞ்செய்ய முயன்றனர். பெண்ணுக்கு வைர மோதிரம் விற்கப்படுகின்றதாயின் ஆணுக்கும் ஏன் விற்றலாகாது என்பதே கணக்கு. சந்தை ஒரே நாளில் இருமடங்காகும். நியூ ஜேர்சி மாநிலத்துப் பாம்பெர்கர் பேரங்காடி இதற்கென விளம்பரம் செய்தது. மோதிரம் பெண்மைக்குரியது என்ற எண்ணத்தை முறியடிப்பதற்காக, 'விமானி', 'கலைமான்', 'தலைவன்' எனப் பொருள்படும் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டன. சிகரெட் பிடித்த ஆடவர் கையே விளம்பரத்திற் காட்டப்பட்டது. பண்டைய வீரர் வழக்கொன்று மீள்வதுபோலவும் எழுதப்பட்டது. இத்தனை முயற்சியும் வீணாயிற்று. ஆடவர் அதனை வாங்கவில்லை.

இத்தோல்வி பலவற்றைத் தெளிவாக்குகின்றது. விளம்பரத்தின் வலிமை வழக்கங்களை ஆக்கவல்லது என்பது இக்காலத்தில் அடிக்கடி கூறப்படும் கருத்து. அக்கருத்து முற்றும் உண்மையாயின் 1926 இலேயே ஆண் மோதிரம் நிலைபெற்றிருத்தல் வேண்டும். நிச்சயதார்த்தம் என்பது அக்காலச் சிந்தனையில் பெண் ஒருத்தி 'ஒதுக்கப்பட்டமை'யின் அறிவிப்பு. ஆணொருவன் அவ்வாறு ஒதுக்கப்பட்டவனாகத் தோன்றுதல் நகைப்புக்கிடமாகவே கருதப்பட்டது. ஆண்மைப் பெயர் எதுவும் அந்த நகைப்பை மறைக்கவில்லை.

பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் நிலைமை தலைகீழாயிற்று. பொருளாதார மந்தத்தின் இறுதிக் காலத்தில் நூற்றுக்குப் பதினைந்தளவாக இருந்த இருமோதிரத் திருமணங்கள் 1940 களின் பிற்பகுதியில் எண்பதளவாகப் பெருகின என்று ஹோவார்ட் காட்டுகின்றார். வாணிகர் இம்முறை நிச்சயதார்த்தத்தை விட்டு மணவினையையே பற்றிக்கொண்டனர். கல்லை விட்டு வெற்று வளையத்தைக் கையிலெடுத்தனர். மணமகளின் மோதிரத்துக்கு இணையான, சற்றே அகலமான வளையமாக அதனை விற்றனர். ஆனால் வாணிகர் தந்திரம் மாறியமையினும் காலம் மாறியமையே பெரிது. 1941 திசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கிற்று. இளைஞர் பலர் கப்பலேறுமுன் மணஞ்செய்தனர். கணவன் கடல்கடந்து நிற்க, மனைவி ஊரில் இருந்தாள். பிரிவு இருவர்க்கும் பொதுவாயிற்று. ஆகவே நினைவுப்பொருளும் பொதுவாயிற்று. படைவீரனின் விரலிலிருந்த வளையம் அவனைப் பெண்மைப்படுத்தவில்லை. திரும்பிச் செல்லவேண்டிய வீடு ஒன்று அவனுக்கு உண்டு என்பதையே அது கூறிற்று. 1946 இல் மட்டும் அந்நாட்டில் ஏறத்தாழ 22 இலட்சத்து 90 ஆயிரம் திருமணங்கள் பதிவாயின. கடுமையும் தனிமையும் உடைய ஆடவனாகத் திரையில் தோன்றிய ஹம்ப்ரி போகார்ட், 1945 மே மாதத்தில் லோரன் பக்கோலை மணந்தபோது தானும் மோதிரம் அணிந்தமை அக்காலத்தின் போக்குக்கு எடுத்துக்காட்டாகும். அது அவரது நான்காவது திருமணம்.

போர் மோதிரத்தின் உருவத்தையும் வகுத்தது. அமெரிக்காவில் பிளாற்றினம் போர்த்தொழிலுக்கென ஒதுக்கப்பட்டு நகைக்குப் பயன்படுத்துதல் தடுக்கப்பட்டது. அதன் இடத்தை வெண்தங்கம் பிடித்தது. பிரித்தானியாவில் போர்க்காலச் சிக்கன விதிகளின்கீழ் 9 கரட் தங்கத்தில் மட்டுமே மணமோதிரம் செய்ய இடமளிக்கப்பட்டது. ஆக, ஆங்கில உலகின் ஆடவர் மோதிரம் பெருவழக்காகப் பிறந்த காலத்திலேயே பகட்டுக்கு இடமிருக்கவில்லை. எளிமையான வளையம் ஆண்மைக்கு இயல்பானது என்ற பின்னைய இரசனைக்கு இப்பற்றாக்குறையும் ஒரு தாய் எனலாம்.

இவ்வாறு தோன்றிய மோதிரம் ஏனைய ஆபரணங்களினின்றும் ஒருவகையில் வேறுபட்டது. விழாவுக்கு அணிந்து பெட்டியில் வைக்கும் பொருளன்று அது. ஆண்டுக்கணக்காகக் கையோடு உழைக்கவேண்டிய பொருள். உலோகத்தின் தெரிவு முக்கியத்துவம் பெறுவது இதனாலேயே. 24 பங்கிற் பொன் எத்தனை பங்கு என்பதே கரட் கணக்கு. இலங்கைத் தட்டார் பெரிதும் கையாளும் 22 கரட் தங்கம் நிறத்தாற் சிறந்தது, ஆயின் மென்மையானது, உழைக்கும் கையில் விரைவில் கீறலும் நெளிவும் கொள்ளும். செம்பும் வெள்ளியும் கூடுதலாகக் கலந்த 18 கரட், 14 கரட் தங்கங்கள் நிறத்திற் சற்றே குறையினும் கடினமானவை. வெண்தங்கத்தின் பளபளப்புப் பெரும்பாலும் மேலே பூசப்பட்ட உரோடியத்தினுடையது. சில ஆண்டுகளில் அது தேய்ந்து உள்ளிருக்கும் மஞ்சட்சாயல் வெளிப்படுவதால் மீண்டும் பூசவேண்டியிருக்கும். பிளாற்றினம் கீறப்படும்போது உலோகம் பெரும்பாலும் இடம்பெயர்கின்றதேயன்றி உதிர்வதில்லை. எனவே அது மங்கினும் எளிதில் மெலிவதில்லை. அதன் பாரத்தை விரும்புவோரும் உளர், வெறுப்போரும் உளர். முஸ்லிம் ஆடவர்க்குத் தங்கம் அணிதல் சமயத்தால் விலக்கப்பட்டமையின் அவர்களிடையே வெள்ளி மோதிரமே வழக்கு.

தங்கத்தின் தேய்வு எவ்வளவு என்பதை வியன்னாவைச் சேர்ந்த இரசாயனவியலாளர் கேயோர்க் ஸ்ரைன்ஹவுசர் தமது சொந்த மணமோதிரத்தைக்கொண்டே அளந்தார். 18 கரட் தங்கத்தாலான அதனை ஓராண்டுக்கு வாரந்தோறும் நிறுத்து, பெறுபேற்றை 2008 இல் வெளியிட்டார். வாரமொன்றுக்குச் சராசரி 0.12 மில்லிகிராம், ஆண்டொன்றுக்கு ஆறு மில்லிகிராமுக்குச் சற்று மேல் இழக்கப்பட்டது. ஐந்தரைக் கிராம் எடையுள்ள மோதிரத்தில் இது ஆயிரத்தில் ஒரு பங்களவே. மணற்பாங்கான கடற்கரையிற் கழித்த விடுமுறையின்போது இழப்பு மிக அதிகமாக இருந்தது. இக்கணக்கின்படி ஐம்பது ஆண்டு இல்வாழ்க்கையில் மோதிரம் இழப்பது நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பங்கே. பாட்டனின் மோதிரம் பேரனுக்குப் பயன்படக்கூடியதாக இருப்பது இதனாலேயே. விஞ்ஞானி ஒருவர் தமது மணமோதிரத்தைத் தராசில் வைத்தமையை நகைச்சுவையாகக் கொள்வார் கொள்க. நாளாந்த உபயோகம் பற்றிப் பொதுவாகப் பேசுவோர்க்கு எண்ணளவான சான்று அவரே தந்தார்.

உருவத்தைப் பொறுத்தவரை கண்ணுக்குப் புலப்படாத உட்புறமே முக்கியமானது. உட்புறம் தட்டையாக, விளிம்பு கூராக உள்ள வளையம் விரலை அழுத்தும்; உட்புறம் மெல்லெனக் குவிந்த வளையம் கணுவை எளிதிற் கடந்து அமரும். ஆடவர் மோதிரங்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு மில்லிமீற்றர் அகலத்தின. அகலம் கூடக்கூட உள்ளே வியர்வையும் சவர்க்காரமும் தங்கும் இடமும் கூடுகின்றது. பொருத்தமும் இறுக்கமாகத் தோன்றுகின்றது. வெப்பத்தில் விரல் வீங்கும் இலங்கை போன்ற நாடுகளில் இது சிறிய விடயமன்று. கடைக்கண்ணாடியில் அழகாகத் தோன்றும் எட்டு மில்லிமீற்றர் வளையம் மாலையாகும்போது சுமையாகிவிடலாம்.

கையால் உழைப்போர்க்கு இதனினும் பாரதூரமான பிரச்சினை உண்டு. சுழலும் பொறியிலோ, வாகனத்தின் விளிம்பிலோ, ஏணியின் ஆணியிலோ மோதிரம் சிக்குமாயின் உடலின் பாரம் முழுவதும் அவ்விரலில் இறங்கித் தோலையும் குருதிக்குழாய்களையும் உரித்தெடுத்துவிடும். மின்தொழிலாளர்க்கு உலோக வளையம் மின்கடத்தி. பொறிச்சாலைகளில் மோதிரத்தைக் கழற்றிவைக்குமாறு விதிசெய்யப்படுவது இக்காரணங்களாலேயே. உடலுழைப்பில்லாதோர்க்கும் இது நேரலாம். 2015 இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஜிம்மி ஃபாலன் தமது வீட்டுச் சமையலறையில் தடுக்கி விழுந்தபோது மணமோதிரம் மேசை விளிம்பிற் சிக்கியது. விரலைக் காக்க ஆறு மணிநேர நுண்சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. இழுபடின் அறுந்துவிடும் சிலிக்கன் வளையங்கள் அண்மைக்காலத்திற் பரவுவதற்கு இத்தகைய விபத்துகள் பற்றிய அறிவும் ஒரு காரணம். ஆடவர் மோதிரத்தின் வரலாற்றிலுள்ள முரண் ஒன்று இங்கே தலைகாட்டுகின்றது. எப்போதும் கழற்றாமல் அணியவேண்டுமென்பதே அதன் கருத்து. கழற்றியாக வேண்டும் என்பது தொழிலின் கட்டளை. வங்கி எழுதுவினைஞனுக்குக் கிட்டும் 'எப்போதும்' கடைசற்காரனுக்குக் கிட்டுவதில்லை.

கழற்றுதல் பற்றிய கேள்வி அரச மாளிகையிலும் எழுந்தது. 2011 இல் இளவரசர் வில்லியம் மணமோதிரம் அணியப்போவதில்லை என முன்னரே அறிவிக்கப்பட்டது. அவரது பாட்டனார் எடின்பரோக் கோமகனும் அணியாதவரே. 2018 இல் தம்பியார் ஹரி, சொரசொரப்பான மேற்பரப்புடைய பிளாற்றின வளையமொன்றைத் தெரிவுசெய்தார். ஒரே குடும்பத்தில் ஏழாண்டு இடைவெளியில் இரு முறைகள். மணமகள் மோதிரம் அணிவாரா என்ற கேள்வி இரு திருமணங்களிலும் எவராலும் கேட்கப்படவில்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் 1980 ஆம் ஆண்டு மாற்று வழிபாட்டு நூல் இரு மோதிரங்களுக்கும் இடமளித்திருந்தும், ஆணுக்கு அது விருப்பத்துக்குரியதாகவே இருந்துவருகின்றது என்பதற்கு இவ்வினா எழாமையே சான்று.

சொரசொரப்பான மேற்பரப்பு கீறலை மறைக்கும். கீறலே விழாத உலோகத்தை நாடுவோர் இன்று தைத்தேனியத்தையும் தங்குதன் காபைட்டையும் தெரிவுசெய்கின்றனர். இவற்றின் கருஞ்சாம்பல் நிறமும் பொறியியற் சாயலும் ஆடவர்க்கெனவே ஆக்கப்பட்டவைபோல் விற்கப்படுகின்றன. 1926 ஆம் ஆண்டின் 'விமானி'யையும் 'கலைமானை'யும் அவை நினைவூட்டாமலில்லை. தைத்தேனியம் தங்கத்தின் மூன்றிலொரு பங்கு பாரமுமற்றது. தங்குதன் காபைட்டு தங்கத்தினும் பன்மடங்கு கடினமானது; ஆனால் நொறுங்கும் இயல்பினது. இரண்டையும் பின்னர் விரலுக்கேற்பப் பெருப்பித்தல் தட்டாரால் இயலாதது எனலாம். முப்பது வயதில் அணிந்த மோதிரம் ஐம்பது வயது விரலுக்குப் பொருந்துமென்று எவரும் உறுதி கூறவியலாது.

விரல் வீங்கி மருத்துவமனைக்கு வருவோரின் மோதிரம் அகற்றப்படும் முறையிலும் இவ்வேறுபாடு தெரிகின்றது. தங்க வளையத்தைச் சிறு வெட்டுச்சில்லால் ஓரிடத்தில் அறுத்து விரித்தெடுப்பர். தங்குதன் காபைட்டை அவ்வாறு அறுக்கவியலாது. குறட்டால் இறுக்கி உடைத்தெடுப்பர். உடைந்ததைக் கொட்டிவிட்டுப் புதியதொன்று வாங்கவேண்டியதுதான். அறுக்கப்பட்ட தங்க மோதிரத்தைத் தட்டாரிடம் கொடுத்தால், சிறிதளவு பொன் சேர்த்துப் பற்றவைத்து, சற்றே பெரிதாக்கித் திருப்பித் தருவார். பொருத்திய இடம் கூர்ந்து நோக்கினாலன்றித் தெரியாது.